உன் கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை

ஓசூர்
18.9.2005

அன்புள்ள மாதேவிக்கு,

பூங்கொடி எழுதுகிறேன். தங்கச்சி கல்யாணம் முடிந்து அருப்புக்கோட்டையிலிருந்து வியாழக்கிழமைதான் திரும்பினேன். உனக்கென்று தனியாகக் கட்டி எடுத்து வந்த சேவும் கருப்பட்டி மிட்டாயும் கையில் இருக்கின்றன, வாங்கிக்கொள்ள ஆளைக் காணோம். அறையில் உன் கட்டில் வெறுமனே கிடக்கிறது. போர்வையைக்கூட மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். விடுதிக்கார சரோஜம்மாளைக் கேட்டால், "அந்தப் புள்ளைக்குக் காத்து கருப்பு ஏதோ அடிச்சிருச்சும்மா, ஊருக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க" என்கிறார். சொல்லிக்கொண்டே நம் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுகிறார். அவர் கீழே போனதும் அவிழ்த்துச் சாறு பிழிந்து குடித்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போன பிறகுதான் வெங்கடம்மா அக்கா எல்லாம் சொன்னார். கம்பெனி ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்களாம். உன்னை மேடையில் ஏற்றி "இருளர் நடனம்" ஆட வைத்தார்களாம். வாடகைக் கடையிலிருந்து இலைப் பாவாடையும் தலைக்கு இறகும் கொண்டுவந்து கட்டிவிட்டு, முகத்தில் கரிக்கோடு இழுத்தார்களாம். நீ ஆடினாயாம், எல்லாரும் கை தட்டினார்களாம். அடுத்த நாள் லைனில் சூப்பர்வைசர் சௌந்தரராஜன், "என்னா மலை, இன்னிக்கி டான்ஸ் இல்லியா?" என்று கேட்க, நீ கார் வயர்களைச் சேர்த்துக் கட்டும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லையாம். காவலாளியைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அஞ்செட்டி பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார்களாம்.

நான் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். இருந்திருந்தால் உன் கூடவாவது பஸ் ஏறியிருப்பேன்.

உங்கள் மலையில் போன் எடுக்காது என்பதால் கடிதம். எப்படி இருக்கிறாய்? எப்போது வருகிறாய்? மிட்டாயை எறும்பு மொய்க்காமல் வாளித் தண்ணீரில் கிண்ணம் வைத்துக் காவல் காக்கிறேன்.

உன்
பூங்கொடி


நாட்றாம்பாளையம்
2.10.2005

பூங்கொடி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். அம்மாவும் அப்பாவும் நலம். தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக நடந்ததில் சந்தோஷம்.

இங்கே கேழ்வரகு கதிர் பிடித்திருக்கிறது. பன்றி வராமல் காவல் இருக்க வேண்டும். அதனால் வீட்டில் நான் தேவை. இனி வேலைக்கு வரவில்லை. என் பெட்டியை அஞ்செட்டி பஸ் நடத்துனரிடம் கொடுத்தால் நாட்றாம்பாளையம் கடையில் இறக்கிவிடுவார். கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். மிட்டாயை நீங்களே சாப்பிடுங்கள்.

கம்பெனியில் என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் பேச வேண்டாம்.

மாதேவி


ஓசூர்
9.10.2005

அன்புள்ள மாதேவிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? ஒரே சோப்பில் துணி துவைத்தவர்கள் நாம். அடுத்த கடிதத்திலும் இப்படி எழுதினாயானால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

பெட்டியை அனுப்பப் போவதில்லை. கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் விட மாட்டேன். போன வாரம் சரோஜம்மாள் புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். என் துணி எல்லாவற்றையும் உன் கட்டிலில் பரப்பிவிட்டு, "எனக்கு ரெண்டு கட்டில் வேணும்மா, நான் உருண்டு படுக்கிறவ" என்றேன். திட்டிக்கொண்டே போய்விட்டார்.

பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனால் மனசு கேட்கவில்லை மாதேவி. நீ காவல் காக்கத்தான் ஊரில் இருக்கிறாய் என்பதை நான் எப்படி நம்புவது? ஆடி மாதத்திலிருந்தே நீ சரியாகத் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய், மூச்சை வைத்தே விழித்திருக்கிறாய் என்று கண்டுபிடித்துவிடுவேன். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுவாய். அதனால் ஹெச்.ஆர். சுப்ரியா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். உனக்கு மனசு சரியில்லை, தூக்கம் இல்லை, அழுகை வருகிறது, உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி லீவு கொடுங்கள், வேலையை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டேன். மேடம் கோயம்புத்தூர்ப் பெண், கெட்டவர் இல்லை. "வேண்டியதைச் செய்றேன் பூங்கொடி" என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கினது போல இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் பேய் ஓட்டுகிற கோடாங்கி ஒருவர் இருக்கிறார். என் அம்மாவுக்கு அவர்மேல் ஏக நம்பிக்கை. நீ சரி என்றால் திருநீறு வாங்கி அனுப்பச் சொல்கிறேன். சிரிக்காதே. இல்லை, சிரி. நீ சிரித்தாய் என்று எழுது, போதும்.

உன்
பூங்கொடி


நாட்றாம்பாளையம்
27.10.2005

அக்கா,

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எனக்கு மனநிலை பாதிப்பு இருப்பதாகத் தெரியவந்துள்ளது என்றும், மனநிலை சரியாக உள்ளது என்று மருத்துவச் சான்று கொண்டுவந்தால்தான் வேலைக்குச் சேர்த்துக்கொள்வோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பா பெயருக்கு வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரிடமே கேட்டிருக்கிறார். டீக்கடையில் வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார் அவர்.

நாட்றாம்பாளையத்தில் இப்போது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பன்னிரண்டாவது படித்து கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் நான். ஊருக்கே அது பெருமையாக இருந்தது. இப்போது என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பா யார் கண்ணையும் பார்க்காமல் நடக்கிறார்.

பேச வேண்டாம் என்று எழுதியிருந்தேன். ஒரு வரி. அது உனக்குப் புரியவில்லையா? நான் தூங்குகிறேனா இல்லையா என்பதை அந்த மேடத்திடம் சொல்ல உன்னை யார் கேட்டது? மேடையில் ஏற்றினவரே அவர்தான், அது உனக்குத் தெரியுமா?

திருநீறு வேண்டாம். எனக்குப் பேய் பிடிக்கவில்லை. பைத்தியமும் பிடிக்கவில்லை.

மாதேவி


ஓசூர்
3.11.2005

மாதேவி,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. நான் ஊருக்குப் போகவில்லை. விடுதியில் நானும் சமையல்கார அம்மாவும்தான் இருந்தோம். வெளியே மழை விடாமல் கொட்டியது. வேறு வேலை இல்லாததால் உன் கடிதத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது தப்பு. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எழுத நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். உன் தூக்கம் உன்னுடையது. அதைப் பார்த்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் வைக்க உரிமை இல்லை. மேடம்தான் உன்னை ஆட வைத்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்கக் கூடாது.

நேற்று அவரிடம் போய் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அது வழக்கமா அனுப்பறதுதான் பூங்கொடி, யாருக்கா இருந்தாலும் அதே வார்த்தைதான்" என்றார். "மேடம், அத டீக்கடையில வச்சுச் சத்தமாப் படிச்சிருக்காக. அவ அப்பா தலைநிமிந்து நடக்க முடியல" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இதுவும் நீ சொல்லச் சொல்லாததுதான். ஆனால் கம்பெனி செய்ததைப் பற்றித்தான் பேசினேன், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை.

இனி நீ சொல்வதை மட்டும் செய்வேன். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றும் செய்ய மாட்டேன். கடிதம் மட்டும் எழுதுவேன். அதை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டேன்.

உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

பூங்கொடி


நாட்றாம்பாளையம்
20.11.2005

பூங்கொடி அக்காவுக்கு,

அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு கட்டில காத்து வெச்சிருக்கு இல்ல, கோவிச்சுக்காம இரு" என்றார். உன் கடிதங்களை எல்லாம் நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். எலுமிச்சம்பழச் சாறு குடித்ததைக் கேட்டு அம்மா சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நானும் சிரித்தேன். எழுது என்று கேட்டிருந்தாயே, எழுதிவிட்டேன்.

இங்கே துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஜோதியம்மாள் வீட்டுக்கு வந்தார். டீக்கடைச் செய்தி அவர் காதுக்கும் போயிருக்கிறது. அந்த ஒரு நன்மை அதில். தேன்கனிக்கோட்டைக்கு மாதம் ஒரு தடவை மனநல டாக்டர் வருகிறார் என்று சொல்லி என்னையும் அம்மாவையும் கூட்டிப்போனார். நான் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். ஒரு ஆசிரியர், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, ஒரு லாரி டிரைவர். என்னைப் போலத்தான் இருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் பெண். அம்மாவுக்குத் தமிழ் சரளமாக வராது என்று தெரிந்ததும் அவரிடம் கன்னடத்தில் பேசினார். பிறகு என்னிடம், "நீ சொல்லு, அவசரமில்ல" என்றார். இதுவரை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை அக்கா. அதனால் எல்லாம் சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டம். கேண்டீனில் தட்டை எடுத்தால், "இன்னிக்கி எலிக்கறி இல்ல" என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். கேட்டில் காவலாளி எல்லார் பையையும் தொட்டுப் பார்த்து அனுப்புவார், என் பையை மட்டும் கவிழ்த்துக் கொட்டுவார். நீங்கள் எல்லாம் தாண்டிப் போன பிறகு நான் குனிந்து சீப்பையும் டப்பாவையும் பொறுக்குவேன். சௌந்தரராஜன் சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் மலை" என்பார். இதில் எதைக் கொண்டுபோய் யாரிடம் புகார் சொல்வது? சொன்னால், "இதுக்கா?" என்பார்கள். ஒவ்வொன்றும் அவ்வளவு சின்னது. படுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். என் வாய் தமிழ் பேசும்போது யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்தே நாள் போகும். கூட்டத்தில் என் பேச்சைப் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

அந்த இலைப் பாவாடையை எங்கள் ஊரில் யாரும் கட்டிப் பார்த்ததில்லை. மேடையில் கை தட்டியபோதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் இவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவள் நான் இல்லை, இந்த வாடகைத் துணிக்காரிதான் என்று. அதன் பிறகு என்னால் நிற்க முடியவில்லை.

டாக்டர் கேட்டுவிட்டு, "உனக்கு வந்திருக்கிறது மனச்சோர்வு. அது நோய்தான், குறையும். மாத்திரை தர்றேன், மாசாமாசம் வந்து பேசிட்டுப் போ" என்றார். பிறகு, "ஆனா பாதி நோய் உங்கிட்ட இல்ல. உன்னைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு நான் மாத்திரை எழுதித் தர முடியாது. அங்க என்ன மாறணும்னு நீதான் சொல்லணும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும் அக்கா. நூறு வயரும் அதனதன் இடத்தில் படுத்துக் கடைசியில் ஒரே கொடியாக வருவது பிடிக்கும். வேலை என்னை ஒன்றும் செய்யவில்லை.

சொல்வதை மட்டும் செய்வேன் என்றாயே. இதைச் சொல். சுப்ரியா மேடத்துக்கு என்னோடு பேச வேண்டுமென்றால் சான்று கேட்க வேண்டாம், இங்கே வரச் சொல்.

மாதேவி


ஓசூர்
11.12.2005

என் தங்கமே மாதேவி,

நீ எழுதிய ஒரு வரியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மேடத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவர் ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "மேல வரைக்கும் ஜீப் போகுமா?" என்று கேட்டார். "நாட்றாம்பாளையம் வரைக்கும் போகும் மேடம், அதுக்கு மேல நடக்கணும்" என்றேன்.

பையைக் கவிழ்த்துக் கொட்டியதை நான் பார்த்ததே இல்லை மாதேவி. முன்னால் போய் டீக்கு வரிசை பிடிப்பேன், நீ ஏன் எப்போதும் பின்தங்குகிறாய் என்று சலித்துக்கொள்வேன். படித்ததிலிருந்து டீ இறங்கவில்லை.

வெங்கடம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் சௌந்தரராஜன் யாரிடமோ, "அந்த மலை இருந்தா இந்நேரம் முடிச்சிருக்கும்" என்றார். அக்கா திரும்பி, "சார், உங்க பேரு என்னா?" என்று கேட்டார். அவர் முழித்தார். "இல்ல, இத்தனை வருஷமா சௌந்தரராஜன்னு முழுசாத்தான் கூப்பிடறோம். அந்தப் பொண்ணுக்கும் அவங்கம்மா ஒரு பேரு வெச்சிருக்கு. மூணே எழுத்து, வாய் வலிக்காது" என்றார். மாதேவி மூன்று எழுத்து என்பதை நான் அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. என்னை லைன் லீடர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜனவரி முதல் மூன்று மாதம் ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டில் இருக்க வேண்டும். நீ திரும்பி வந்தால் உன் பக்கத்துப் பலகையில் நான் இருக்க மாட்டேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடவா? எனக்கு அதில் வருத்தமே இல்லை. சத்தியமாக.

உன்
பூங்கொடி


நாட்றாம்பாளையம்
23.12.2005

அக்கா,

முதலில் உன் விஷயம். நீ போக வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால்தான் நான் அங்கே இருக்க முடியும் என்றால், நான் நிற்பது என் காலில் இல்லை, உன் முதுகில். மூன்று மாதம் தாங்குவாய், அப்புறம் உனக்கும் முதுகு வலிக்கும். வருத்தமே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மேடம் வந்தார். செவ்வாய்க்கிழமை காலையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றோடு ஏறி வந்தார். டிரைவரைக் கீழேயே விட்டுவிட்டார். அம்மா என்னிடம் எங்கள் பேச்சில், "இவளா உன்ன ஆட வெச்சவ?" என்று கேட்டார். "என்ன சொல்றாங்க?" என்றார் மேடம். "சாப்பிடச் சொல்றாங்க" என்றேன். பிறகு அம்மா நிஜமாகவே களியும் அவரைக் குழம்பும் வைத்துவிட்டார். சுடச்சுடக் களியை விழுங்கத் தெரியாமல் மேடம் கண் கலங்கினார்.

சாப்பிட்டுவிட்டு, "மாதேவி, அது உனக்குக் கௌரவமா இருக்கும்னுதாம்மா நினைச்சேன்" என்றார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே மேடம், எங்க வீட்ல என்ன உடுத்துவாங்கன்னு."

"நீ சரின்னு சொன்னியே."

"நீங்க மேடம். நான் லைன்ல நிக்கிறவ. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான் அதோடு விடவில்லை. "உங்களுக்கு ஒரு வாடகைத் துணியக் கட்டி, இதுதான் கோயமுத்தூர்க்காரங்கன்னு மேடையில நிறுத்தினா, அந்தக் கைதட்டல் உங்களுக்கு எப்படிக் கேட்கும்?" என்றேன். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அழவில்லை. "தப்புதான். மன்னிச்சிரு" என்றார். என் அப்பாவைப் பார்த்தும் சொன்னார். அந்தக் கடிதத்துக்காக.

பிறகு நான் கேட்டதைச் சொன்னேன். எனக்குப் பெயர் இருக்கிறது. கேட்டில் எல்லாருக்கும் என்ன சோதனையோ அதுதான் எனக்கும். மாதத்தில் டாக்டரிடம் போகும் நாளுக்கு லீவு வேண்டும், காரணத்தை எல்லாருக்கும் விளக்கக் கூடாது. சொல்ல வேண்டியிருந்தால் நானே சொல்வேன். அழுகை வந்தால் காவலாளியைக் கூப்பிடக் கூடாது, உட்கார ஒரு இடம் போதும். கடைசியாக, எங்கள் ஆட்களில் இன்னும் ஒருத்தியையாவது வேலைக்கு எடுக்க வேண்டும். என் சித்தி மகள் ராமி இந்த வருஷம் பன்னிரண்டாவது எழுதுகிறாள்.

மற்ற எல்லாவற்றுக்கும், "செய்றேன்" என்றார். ராமி விஷயத்துக்கு மட்டும், "என் கையில மட்டும் இல்ல, முயற்சி பண்றேன்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் மற்றதையும் நம்பினேன்.

பொங்கல் கழித்து வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

மாதேவி


ஸ்ரீபெரும்புதூர்
29.1.2006

அன்புள்ள மாதேவிக்கு,

நீ சேர்ந்துவிட்டாய் என்று சரோஜம்மாள் போனில் சொன்னார். நம் அறையில் தனியாகப் படுக்கப் பயமாக இல்லையே? என் கட்டிலில் உன் துணியைப் பரப்பி வைத்துக்கொள்.

நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். கட்டடம் பெரிசு, எல்லாம் பளபளப்பு. சாப்பாடு பரவாயில்லை. என் பேட்சில் நான் ஒருத்திதான் பெண். நான் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊர் இழுவையை அப்படியே இழுத்துக் காட்டுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. பெயரைச் சொல்வதில்லை, "ஏய் ஓசூர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு வேடிக்கைதானே.

என்னைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. நீ எழுது. சாப்பிடுகிறாயா? மாத்திரை தீர்வதற்குள் அடுத்த தடவை போனாயா? சௌந்தரராஜன் எப்படி நடந்துகொள்கிறார்?

உன்
பூங்கொடி


ஓசூர்
9.2.2006

அக்கா,

எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். சாப்பிடுகிறேன். மாத்திரைக்குப் போன வாரம் தேன்கனிக்கோட்டை போய் வந்தேன். மேடம் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்டில் இப்போது ஒரு பெண் காவலாளி இருக்கிறார், எல்லார் பையையும் ஒரே மாதிரி தொட்டுப் பார்த்து அனுப்புகிறார். முதல் நாள் நான் பழக்கத்தில் பையை நானே கவிழ்க்கப் போனேன். "என்னாம்மா பண்ற?" என்றார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. கேண்டீன் பேச்சு முழுசாக நிற்கவில்லை. ஒருத்தி எலி என்று ஆரம்பித்தாள். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை, அவளையே பார்த்தேன். தானே நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் திரும்பவும் வந்தது அக்கா. ஒரு காரணமும் இல்லை. வயரைக் கையில் எடுத்தேன், எந்த இடம் என்று தெரியவில்லை. பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. போச்சு, திரும்பவும் பஸ்தான் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் வந்தது.

வெங்கடம்மா அக்கா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். சௌந்தரராஜன் சாரின் ஷூ கண்ணுக்கு நேரே வந்து நின்றது. லைனே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர், "லைன நிறுத்துங்க" என்றார். குனிந்து, "மாதேவி, தண்ணி குடிக்கிறியா?" என்றார். அவருக்கு அந்தப் பெயர் இன்னும் வாயில் பழகவில்லை, கல்லைக் கடித்த மாதிரிதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

பின்னாலிருந்து ஒருத்தி, "எங்களுக்கும்தான் மனசு இருக்கு. நாங்க உக்காந்தா லைன் நிக்குமா?" என்று கேட்டாள். டார்கெட் போய்விடும் என்ற கோபம் அவளுக்கு. வெங்கடம்மா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிக்கும். உக்காந்து பாரு" என்றார்.

முதலுதவி அறையில் படுக்க வைத்தார்கள். மேடம் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். தூங்கிவிட்டேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு என் பலகைக்கே போனேன். எல்லாரும் பார்த்தார்கள். நானே சொன்னேன்: "எனக்கு மனச்சோர்வுன்னு ஒரு நோய் இருக்கு. டாக்டர்கிட்டப் போறேன். குறைஞ்சுட்டு வருது. இன்னிக்கி மாதிரி எப்பவாவது வரும், போகும்." ஷிஃப்ட் முடியும் வரை வேலை செய்தேன். அழுதேன் அக்கா, ஆனால் வேலை போகவில்லை.

சாயங்காலம் துணி மாற்றும் இடத்தில், கோபமாகக் கேட்டாளே, அவளே வந்து நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் கடிதம் எப்போதும் இவ்வளவு சின்னதாக இருக்காது. இழுத்துக் காட்டுகிறார்கள், ஓசூர் என்று கூப்பிடுகிறார்கள், சிரிப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேண்டீனில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

உன்னைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விடியக்காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். இந்தப் பக்கம் பெங்களூரையும் அந்தப் பக்கம் கிருஷ்ணகிரியையும் நான் தாண்டியதே இல்லை, அதனால் ஸ்ரீபெரும்புதூரில் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று மட்டும் எழுது. அம்மா அவரைக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறார், விடுதிச் சமையல்கார அம்மாவிடம் சொல்லிக் குழம்பு வைத்து எடுத்து வருகிறேன். ஒரு நாள் முழுக்க இருப்பேன். நீ பேசு, உன் இழுவையோடு. நான் கேட்கிறேன், அவசரமில்லை.

உன்
மாதேவி